ஐபோனில் மட்டும் தமிழ்ப் பொத்தான் எழுத்து மேலே ஏறுகிறது: சிஎஸ்எஸ் உதவி தேவை

வணக்கம். மொரீஷியஸ் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோயிலின் தளம். தைப்பூசக் காவடிக்கு முன் இதைச் சரி செய்தாக வேண்டும்.

தமிழ், பிரெஞ்சுப் பொத்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழுத்துரு தமிழுக்கு முக்தா மலர், பிரெஞ்சுக்கு ஓபன் சான்ஸ், இரண்டும் 18 பிக்சல். முக்தா மலருக்கு மாறியதிலிருந்து தமிழ்ப் பொத்தானில் உள்ள ‘காவடிப் பதிவு’ என்ற எழுத்து கிட்டத்தட்ட 2 பிக்சல் மேலே ஏறி நிற்கிறது. அடியில் வெற்றிடம் பளிச்சென்று தெரிகிறது. காரணம், அந்த எழுத்துருவில், எழுத்துகள் அமரும் அடிக்கோட்டுக்குக் கீழே ஒதுக்கிய இடம் மிக அதிகம். ஃப்ளெக்ஸ் என்ற சிஎஸ்எஸ் அடுக்கு முறையில் சென்டர் செய்தாலும் அந்த இடத்தையும் சேர்த்தே நடுவாக்குகிறது.

எழுத்துருவை அறிவிக்கும் ஃபான்ட்-ஃபேஸ் விதியில், அடிக்கோட்டுக்கு மேலுள்ள இடத்தை மாற்றும் அசென்ட்-ஓவர்ரைடு 107%, கீழுள்ள இடத்தை மாற்றும் டிசென்ட்-ஓவர்ரைடு 29% கொடுத்தேன். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கச்சிதம். ஐபோனின் உலாவியான சஃபாரி இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. அளவை மாற்றும் சைஸ்-அட்ஜஸ்ட் எழுத்தையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது, விகிதம் மாறவில்லை. வரி உயரமான லைன்-ஹைட்டை 1 வைத்தாலும் அதே கதை. மேல் பேடிங் 2 பிக்சல் கொடுத்தால் ஐபோனில் சரி, குரோமில் கீழே இறங்குகிறது. உலாவிக்கு ஒரு வசதி உண்டா என்று சோதிக்கும் சப்போர்ட்ஸ் விதியால் பிரிக்கலாம் என்றால், ஃபான்ட்-ஃபேஸுக்குள் எழுதுவதை அது சோதிக்காது. எழுத்தின் மேல், கீழ் வெற்றிடத்தை வெட்டும் டெக்ஸ்ட்-பாக்ஸ்-டிரிம் சஃபாரி 18.2 முதல்தான், இங்கே பெரியவர்கள் பலர் கையில் ஐஓஎஸ் 16. பொத்தானைப் படமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை, திரைவாசிப்பானுக்கும் தேடலுக்கும் தமிழ் தமிழாகவே இருக்க வேண்டும்.

மிச்சமிருப்பது எழுத்துருக் கோப்பையே ஃபான்ட்டூல்ஸ் என்ற கருவி கொண்டு திருத்துவது. உரிமம் திறந்தது, அதனால் தடையில்லை.

அப்படித் திருத்தும்போது கோப்புக்குள் இருக்கும் ஹெச்ஹெச்இஏ (hhea) அட்டவணையின் ஏற்ற, இறக்க அளவுகளை மட்டும் மாற்றினால் சஃபாரிக்குப் போதுமா, ஓஎஸ்/2 (OS/2) என்ற மற்றோர் அட்டவணையில் உள்ள டைப்போ, வின் என்ற இரு வகை அளவுகளையும் மாற்ற வேண்டுமா?