ஏர் இன்டேக் மாற்றிய மூன்றாம் நாள் எரிந்த செக் என்ஜின் விளக்கு

கேள்வி:

என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் பிக்கப் வண்டியில் இருந்த காற்று வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டரும் அலுமினியக் குழாயும் கொண்ட வேறொரு இன்டேக்கை (என்ஜினுக்குக் காற்று செல்லும் வழியை) சென்ற ஞாயிற்றுக்கிழமை நானே பொருத்தினேன். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே வேலையைத் தொடங்கினேன். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சாரைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துப் புதிய குழாயில் திருகி, கிளாம்புகள் அனைத்தையும் இறுக்கினேன். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது எழும் உறுமல் மனத்துக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் வண்டி நிற்கும்போது ஐடிலிங் ஏறி இறங்குகிறது; மூன்றாம் நாள் செக் என்ஜின் விளக்கும் எரிந்துவிட்டது. பிழைக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் பி0171 என்று காட்டுகிறது. எரிபொருளின் அளவுக்குப் பொருந்தாதபடி காற்று மிகுந்திருக்கிறது என்பது அதன் பொருளாம். காற்று மிகுதியாகப் போகட்டும் என்றுதானே இதை வாங்கினேன், அதையே பிழை என்று சொன்னால் என்ன செய்வது? பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிவிடலாமா?

மறுமொழி 1:

அவசரப்பட்டுப் பழைய பெட்டியை மாட்ட வேண்டாம், நண்பரே. எவ்வளவு காற்று போனாலும் அது சென்சாரின் கணக்கில் வந்துவிட்டால் என்ஜினின் கணினி அதற்கேற்ற பெட்ரோலைத் தெளித்துவிடும். கணக்கில் வராமல் நுழையும் காற்றுக்குத்தான் இந்தக் குறியீடு வருகிறது.

எனக்கு முதலில் குழாயின் விட்டத்தின் மேல்தான் சந்தேகம். சென்சாரில் உள்ள சூடேறிய மெல்லிய கம்பி, தன்னைக் கடக்கும் காற்றால் எவ்வளவு குளிர்கிறது என்பதைத்தான் உணர்கிறது. குழாய் முழுவதும் செல்லும் காற்றின் அளவைக் கணினி, பழைய குழாயின் குறுக்களவை மனத்தில் வைத்துக் கணக்கிடுகிறது. பழைய குழாய் 70 மி.மீ. உள்விட்டமும் புதியது 76 மி.மீ. உள்விட்டமும் கொண்டவை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறத்தாழ 18 விழுக்காடு கூடிவிடுவதால் அதே காற்று மெதுவாக நகரும். சென்சாரும் சுமார் 15 விழுக்காடு குறைவாகவே படிக்கும். ஆகவே, சென்சார் அமரும் இடத்தில் இரண்டு குழாய்களின் உள்விட்டத்தையும் அளந்து எழுதுங்கள். சென்சாரின் அடியில் இருக்கும் சிறு ரப்பர் வளையம் பழைய பெட்டியிலேயே தங்கிவிட்டதா என்பதையும், சென்சாரில் அம்புக்குறி இருந்தால் அது என்ஜினை நோக்கி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மறுமொழி 2:

விட்டத்தைப் பற்றி மேலே சொன்னது சரியான கணக்குதான். ஆனால் ஐடிலிங் மட்டும் தடுமாறுவதாகக் கேள்வியில் இருப்பதால், எனக்கு அது காரணமாகத் தோன்றவில்லை. விட்டம் மாறினால் எல்லா வேகத்திலும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் தவறு வரும். ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் என்ற எண்ணை (கணினி பெட்ரோலை எத்தனை விழுக்காடு கூட்டியோ குறைத்தோ திருத்துகிறது என்பதை), என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிங்கில் ஒரு முறையும் 2500 ஆர்பிஎம்மில் நிலையாகப் பிடித்து ஒரு முறையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றுபோல உயர்ந்திருந்தால் குழாயைப் பழி சொல்லலாம். ஐடிலிங்கில் மட்டும் உயர்ந்திருந்தால் வால்வு கவரிலிருந்து இன்டேக் குழாய்க்கு வரும் பிரீதர் குழாயை முதலில் பாருங்கள்.

அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அந்தக் குழாயை ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. ஐடிலிங்கில் த்ராட்டில் (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) ஏறக்குறைய மூடியிருப்பதால் அதற்குப் பின்னால் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் குழாயில்) வலுவான வெற்றிடம் உண்டாகிறது. அது பிசிவி என்னும் ஒருவழி வால்வு வழியாக என்ஜினின் உட்புற ஆவிகளை உறிஞ்சுகிறது. அந்த உறிஞ்சலை ஈடுசெய்யும் காற்று, சென்சாரைக் கடந்த பிறகு, பிரீதர் குழாய் வழியாக உள்ளே வர வேண்டும். குழாய் சரியாக அமராவிட்டால் வெளிக்காற்று அளக்கப்படாமல் நுழைந்துவிடும். ஐடிலிங்கில் மொத்தக் காற்றே மிகக் குறைவு என்பதால் இந்தச் சிறு கசிவும் பெரிய பங்காகிவிடுகிறது. வேகம் கூடினால் அதே கசிவு பெருங்காற்றில் கரைந்துவிடும்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. ட்ரிம் ஐடிலிங்கில் +19, 2500 ஆர்பிஎம்மில் +6. விட்டம் இரண்டிலும் ஒன்றே. பிரீதர் குழாய் செருகியிருப்பதாகத்தான் தெரிந்தது. இன்டேக் குழாயில் அது நுழையும் ரப்பர் வளையத்தைக் கண்ணாடி வைத்து அடியில் பார்த்தபோது, அதன் உதடு ஒரு பக்கம் உள்ளே மடிந்து, நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் அமர்த்தினேன். ஐடிலிங் உடனே அடங்கிவிட்டது. ஆனால் முதல் நாளே விளக்கு எரியாமல் மூன்றாம் நாள் எரிந்தது ஏன் என்பதுதான் விளங்கவில்லை.

மறுமொழி 2:

பேட்டரியைக் கழற்றியதால் கணினி முன்பு கற்றுவைத்த திருத்தங்கள் அழிந்துபோயிருக்கும். அது திருத்தத்தை மறுபடி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே வந்து, எல்லையைத் தாண்டிய பிறகும், அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் அதே பிழையைக் கண்டால்தான் விளக்கை ஏற்றும். குறியீட்டை அழித்துவிட்டு ஓரிரு நாள் ஓட்டிய பின் எண்களை மறுபடியும் பாருங்கள். அப்போதும் +6 நின்றால் கவலைப்பட வேண்டியதில்லை.

மறுமொழி 1:

விட்டத்தில் என் ஊகம் தவறியது. மறுமொழி 2 எழுதியவர் சொன்னதே சரி. இன்னும் இரண்டை மட்டும் சொல்கிறேன். உங்கள் ஃபில்டர் எண்ணெய் தடவும் பருத்தி வகையாக இருந்தால், கழுவிய பின் எண்ணெயைச் சிக்கனமாகத் தடவி ஊறவிட்டு மாட்டுங்கள். மிஞ்சிய எண்ணெய் சென்சார் கம்பியில் படிந்தால் இதே குறியீடு திரும்பி வரும். அப்போது ஏர்ஃப்ளோ சென்சாருக்கென்றே உள்ள ஸ்ப்ரேயைத் தவிர, பிரேக் கிளீனர் போன்ற எதையும் அதன் மேல் அடிக்காதீர்கள், விரலாலும் தொடாதீர்கள்.

இரண்டாவது, வெப்பத்தடுப்புத் தகடு. அதன் மேல் விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை பானெட்டோடு ஒட்டி நிற்காவிட்டால், ஃபில்டர் என்ஜின் அறையின் சூட்டையே உறிஞ்சும். வெளியே 30 பாகை இருக்க, உள்ளே 60 பாகைக் காற்றை இழுத்தால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 விழுக்காடு குறைந்துவிடும். இந்த வகை இன்டேக்குகள் உயர்ந்த ஆர்பிஎம்மில் தரும் சிறு ஆதாயம் அதிலேயே போய்விடும். பானெட்டை மூடுமுன் அந்தப் பட்டையின் மேல் சிறிது சுண்ணாம்புத்தூளைத் தடவி, மூடித் திறந்து பாருங்கள். பானெட்டின் உட்புறத்தில் கோடு விடுபடாமல் பதிந்திருந்தால் தகடு சரியாக அமர்ந்திருக்கிறது.