மாலை நேர இனிப்பு ஆசைக்குக் கருப்பட்டிப் பலகாரம் விடையாகுமா?

பொருநைக்கரை:
மாலை நான்கு மணியானால் நாக்கு இனிப்பைத் தேடத் தொடங்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கும் உண்டு. நெல்லை டவுன் ரத வீதியில் சுடச்சுட அல்வா கிண்டும் நெய் மணத்தைக் கடந்து வெறுங்கையோடு வீடு வந்து சேர்வது எளிய காரியம் அன்று. எங்கள் வீட்டில் அடுப்படிப் பொறுப்பு என்னுடையது. கடை இனிப்பை நிறுத்திவிட்டு, கருப்பட்டி சேர்த்த எள்ளுருண்டை, உளுந்தங்களி, ஓலைக் கொழுக்கட்டை ஆகியவற்றை நானே செய்து வைக்கிறேன். கருப்பட்டியில் இரும்புச்சத்து இருக்கிறது. சீனி செய்யும் கெடுதலை அது செய்வதில்லை. எனவே சர்க்கரை அளவு எல்லைக்கோட்டில் இருப்பவர்களும் அச்சமின்றி உண்ணலாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கொக்கிரகுளத்துக்காரி:
அண்ணாச்சி, உங்கள் அடுப்படி உழைப்பை மதிக்கிறேன். ஆனால் "அச்சமின்றி" என்ற சொல்லை மறுக்கிறேன். நான் உணவியல் படித்து மருத்துவமனையில் பணிபுரிகிறேன். கருப்பட்டிதானே என்று அளவில்லாமல் உண்டுவிட்டு, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துத் திகைப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை ஆகிய மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியிலும் அதுவேதான். குடலுக்குள் சென்ற பிறகு பனையிலிருந்து வந்தது எது, கரும்பிலிருந்து வந்தது எது என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை. தாதுச்சத்து இருப்பது உண்மையே என்றாலும், ஒரு நாளைக்கு உண்ணத்தக்க பத்துக் கிராம் கருப்பட்டியில் கிடைக்கும் இரும்புச்சத்து மிகச் சிறிது; அதை முருங்கைக்கீரையிலும் பயறிலும் தேடுவதே முறை.

உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உணவில் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் மொத்த ஆற்றலில் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஐந்து விழுக்காட்டுக்குள் நின்றால் கூடுதல் நன்மை உண்டு. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு அந்த ஐந்து விழுக்காடு ஏறத்தாழ 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. வேளைக்கு இரண்டு தேக்கரண்டி வீதம் மூன்று வேளைக் காப்பியிலேயே அந்தக் கணக்கு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் ஒவ்வொரு உருண்டையும், வீட்டில் செய்ததாக இருந்தாலும், கூடுதல்தான்.

பொருநைக்கரை:
தங்கச்சி, சுக்ரோஸ் என்பதை நான் மறுக்கவில்லை. என் வாதம் பலகாரத்தைப் பற்றியது. நீங்கள் கருப்பட்டியை மட்டும் தனியே பிரித்து நிறுக்கிறீர்கள். அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் மட்டும் எடுக்கிறார்கள். நார் முழுவதும் சக்கையோடு போய்விடுகிறது. அந்தப் பாலோடு கோதுமையின் எடையைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேலும் சீனி சேர்கிறது. உளுந்தங்களியிலோ தொலியோடு அரைத்த கருப்பு உளுந்து இருக்கிறது. நூறு கிராம் உளுந்தில் இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. நல்லெண்ணெய் ஊற்றிக் கிண்டிய களியில் ஓர் உருண்டைக்கு மேல் எவராலும் உண்ண முடியாது, வயிறே போதும் என்று சொல்லிவிடும்.

இன்னொன்று, வீட்டில் செய்தால் இனிப்பின் அளவு நம் கையில் இருக்கிறது. எள்ளுருண்டைக்கு எள்ளும் கருப்பட்டியும் சம எடை என்பது பழைய வழக்கு. பாகு காய்ச்சாமல், வறுத்த எள்ளை உரலில் இடித்தால் எள்ளில் இருந்து கசியும் எண்ணெயே உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். அப்போது 200 கிராம் எள்ளுக்கு 100 கிராம் கருப்பட்டி போதும். அதை இருபது உருண்டையாகப் பிடித்தால் ஒன்றில் ஐந்து கிராம்தான் கருப்பட்டி. முதலில் சப்பென்று தோன்றினாலும் சில வாரங்களில் நாக்கு அதற்குப் பழகி, பழைய அளவு திகட்டத் தொடங்குகிறது.

தேரிக்காட்டுப் பனை:
இருவருக்கும் உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சொல். 1986-க்கு முன்பு நாங்களும் நெல்லை மாவட்டத்தார்தான். பதநீர் குறைவாக இறங்கும் காலத்தில் சீனிப்பாகைக் கலந்து காய்ச்சிக் கருப்பட்டி என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தால் ஐயம் கொள்ளுங்கள். பனையை நம்புகிறவர்கள் கருப்பட்டியோடு ஏன் நின்றுவிட வேண்டும்? கோடையில் நுங்கும் தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கும் எந்த இனிப்பும் சேர்க்காமலே தின்னத்தக்கவை.

கொக்கிரகுளத்துக்காரி:
பனங்கிழங்கை முழு மனத்தோடு ஏற்கிறேன். நார் மிகுந்தது, மென்று தின்ன நேரமும் எடுக்கும். அண்ணாச்சியின் ஐந்து கிராம் உருண்டையும் நல்ல கணக்கு. ஆனால் நான்கு மணி ஆசைக்கு விடை தேட வேண்டிய இடம் மதியச் சாப்பாடு. தட்டு நிறையச் சோறும் சாம்பாரும், ஓரத்தில் ஒரு கரண்டிக் கூட்டும் என்று உண்டால், விரைவில் செரிக்கும் அந்த மாவுச்சத்து சர்க்கரையை ஏற்றிப் பின் இறக்கும்போது மீண்டும் பசி எழுகிறது. சோற்றைக் குறைத்து மீனோ முட்டையோ பயறோ சேர்ப்பவர்களுக்கு மாலையில் அந்தத் தவிப்பு தணிவதை என் பணியில் கண்டிருக்கிறேன். நான்கு மணிக்கு முதலில் ஒரு கிண்ணம் சுண்டலோ அவித்த நிலக்கடலையோ உண்ணுங்கள். அதன் பிறகும் ஆசை இருந்தால் உருண்டையை எடுங்கள். பேரீச்சம்பழத்தை அரைத்துச் செய்துவிட்டு "சர்க்கரை இல்லாதது" என்று சொல்வதையும் விட்டுவிட வேண்டும். அப்பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

மிக முக்கியமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்சுலினோ சர்க்கரையை இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்குக் கை நடுங்கி, வியர்த்து, மயக்கம் வருவது போல் இருந்தால் அது நாக்கின் ஆசை அன்று. இரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அந்நேரத்தில் எள்ளுருண்டை கொடுக்காதீர்கள்; அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அவருக்கு நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ மூன்று தேக்கரண்டிச் சீனியையோ தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

பொருநைக்கரை:
இந்த எச்சரிக்கை ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. சுண்டல் முதலில் என்பதையும் நாளையே தொடங்குகிறேன். எனினும் எல்லைக்கோட்டில் இருப்பவர்களை இனிப்பின் பக்கமே வராதே என்று விரட்டினால், அவர்கள் வீட்டுக்குத் தெரியாமல் கடையில் கால் கிலோ வாங்கித் தின்பார்கள். சிறிய உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து உட்கார வைப்பதே மேல் என்ற கருத்தில் உறுதியாக நிற்கிறேன்.

கொக்கிரகுளத்துக்காரி:
விரட்டச் சொல்லவில்லை அண்ணாச்சி, அளக்கச் சொல்கிறேன். வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி இருந்தால், ஒரு நாள் சுண்டல் மட்டும் உண்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். மறுநாள் அதே அளவு சுண்டலோடு உங்கள் ஐந்து கிராம் உருண்டையையும் சேர்த்து உண்டு, அதே இடைவெளியில் பாருங்கள். பெரிய வேறுபாடு இல்லாதவர் அந்த ஓர் உருண்டையைத் தொடரலாம். எண் நன்றாக ஏறுகிறவர் அந்த இரண்டு அளவுகளையும் குறித்துக்கொண்டு தம் மருத்துவரைப் பார்க்கட்டும்.