நாய்க்கடி: தடுப்பூசி போட்டாச்சு, சீரம் எதுக்கு?

அல்சூர்வாசி: பெங்களூருல தெருநாய் கெண்டைக்கால்ல கடிச்சு ரத்தம் வந்துடுச்சு. இன்னைக்கே தடுப்பூசி போட்டாச்சு. காயத்துக்குள்ள சீரமும் போடணும்னு சொல்றாங்க. ஏன் ரெண்டும்?

கால்நடை டாக்டர்: கண்டிப்பா போடுங்க. நாயோட எச்சில்ல வர்ற ரேபிஸ் வைரஸ் காயத்துல தங்கி, நரம்பு வழியா மூளைக்கு ஏறும். நரம்புக்குள்ள நுழைஞ்சுட்டா எதிர்ப்பொருளால (வைரஸை மடக்குற புரதம், ஆன்டிபாடி) அதைப் பிடிக்கிறது கஷ்டம். தடுப்பூசிக்கு உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க 7 முதல் 14 நாள் ஆகும். சீரத்துல அது ரெடியாவே இருக்கு. காயத்தைச் சுத்தியும் உள்ளேயும் செலுத்தினாத்தான் வைரஸை அங்கேயே மடக்கும். முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாள் தாண்டிட்டா சீரம் வேண்டாம், அப்போ உடம்பே தயாரிக்க ஆரம்பிச்சிருக்கும்.

நர்ஸ் அக்கா: தம்பி, காயத்தை சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவினீங்களா? இல்லேன்னா இப்பவே கழுவுங்க. மஞ்சள், மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீங்க. தையலும் உடனே வேண்டாம். தசையில போடுற தடுப்பூசின்னா 0, 3, 7, 14, 28-ஆம் நாள்; முதல் ஊசி போடுற நாள்தான் 0. புஜத்துலதான் போடணும், இடுப்புல போட்டா கொழுப்புல தங்கி சரியா வேலை செய்யாது.

அல்சூர்வாசி: முன்னாடியே முழு கோர்ஸ் போட்டவங்களுக்கு?

கால்நடை டாக்டர்: 0, 3-ஆம் நாள் தடுப்பூசி போதும், சீரம் தேவையில்லை. பழைய தடுப்பூசியை ஞாபகம் வெச்சிருக்கிற நினைவு செல்கள் சட்டுன்னு எழுந்து எதிர்ப்பொருள் தயாரிச்சுடும்.