மழைக்காலத்திலும் கைகொடுக்கும் தொழில் கூட்டாளிகளை எப்படித் தேடுவது?

கேள்வி – உப்புவெளி
வணக்கம். நானும் தங்கையும் மூன்று வருடங்களாகப் பனையோலைப் பெட்டிகளும் தட்டுகளும் இழைத்து விற்று வருகிறோம். குருத்தோலையை உலர்த்தி, வார்ந்து, சாயத்தில் அவித்து ஒரு மூடிப்பெட்டியை முடிப்பதற்குள் ஒரு நாள் போய்விடுவதால், கடைகடையாக ஏறி இறங்க எங்களுக்கு நேரம் கிடைப்பதில்லை. மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலையின் நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் பயணிகள் வாங்குகிறார்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் விற்பனை நின்று, தேங்கிய பெட்டிகளில் பூஞ்சணம் பிடிக்கிறது. சென்ற வருடம் ஒரு கடைக்காரரின் வாய்ப்பேச்சை நம்பி 40 பெட்டிகள் கொடுத்தோம்; 11 பெட்டிகளுக்கு மட்டுமே பணம் வந்தது. ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அனுப்பி, நம்பிக்கையோடு சேர்ந்து இயங்கக் கூடியவர்களை எங்கே தேடுவது?

பதில் – நிலாவெளி, விருந்தினர் விடுதி
தங்கச்சி, உங்கள் பெட்டியை வாங்குபவர் அதே பயணத்தில் வேறு யாருக்கெல்லாம் பணம் கொடுக்கிறார் என்று பாருங்கள். விடுதிக்காரர், புறாத்தீவுக்குப் படகு விடுபவர், கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேசர் கோயிலுக்கும் அழைத்துச் செல்லும் ஓட்டோக்காரர் ஆகிய எவரும் உங்களுக்குப் போட்டியாளர் அல்லர்; உங்கள் வாடிக்கையாளரே அவர்களுக்கும் வாடிக்கையாளர். என் அறைகளில் சவர்க்காரமும் துவாயும் வைக்க ஓலைத்தட்டுகளை வாங்கி வைத்த நாளிலிருந்து, அவை எங்கே கிடைக்கும் என்று விருந்தினர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஜூலையில் வந்து பேசாதீர்கள், அப்போது எங்களுக்கு மூச்சுவிடவும் நேரமில்லை. பங்குனியில் இரண்டு தட்டுகளோடு வாருங்கள்.

பதில் – திருகோணமலை நகரம், மணவறைச் சோடனை
மழைக்காலத்தில் பயணிகளை எதிர்பார்த்திருப்பதைவிட ஊர்க் கலியாணங்களைப் பாருங்கள். மார்கழியில் முகூர்த்தம் இல்லை. தை பிறந்ததும் வரிசையாக வரும். வந்தவர்களுக்குப் பலகாரம் போட்டுக் கொடுக்க நாங்கள் பிளாஸ்டிக் பெட்டிகளையே வாங்குகிறோம், ஏனெனில் ஒரே அளவில் 200 ஓலைப்பெட்டிகளைக் குறித்த நாளில் தருபவரை இதுவரை காணவில்லை. கார்த்திகையிலேயே அளவும் எண்ணிக்கையும் பேசி முற்பணம் பெற்றால் உங்களுக்கும் தேங்காது. இருவரால் முடியாவிட்டால், இழைக்கத் தெரிந்த அயற்பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களும் உங்கள் கூட்டாளிகள்தாம்.

பதில் – கிண்ணியா, தயிர் வியாபாரம்
சகோதரி, அந்த 29 பெட்டிகளை நினைக்க எனக்கும் மனம் வலிக்கிறது. நான் கடைகளுக்குத் தயிர்ச்சட்டி போடும்போது, கொடுத்தது, விற்றது, திரும்பியது மூன்றையும் கார்பன் தாள் வைத்த பற்றுச்சீட்டில் எழுதி இருவரும் கையொப்பமிடுவோம். புதிய கடைக்கு முதலில் 5 சட்டிகள் மட்டுமே. அந்தக் கணக்கு தீர்ந்த பின்னரே அடுத்தது. கையொப்பமிடத் தயங்குபவரோடு நான் தொழில் செய்வதில்லை. வியாபாரப் பெயரை இன்னும் பதியவில்லையென்றால் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். சிறுதொழில் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தித்தால், கண்காட்சிகள் பற்றியும் உங்களைப் போன்ற மற்ற உற்பத்தியாளர்கள் பற்றியும் அறியலாம்.

கேள்வி கேட்டவர்
மூவருக்கும் மிக்க நன்றி. மணவறைச் சோடனை செய்பவரிடம் ஒரு வேண்டுகோள்: இப்போது வாங்கும் பெட்டியின் நீள, அகல, உயரத்தைத் தந்தால், இந்தக் கிழமைக்குள் மாதிரிக்கு ஒன்று இழைத்துக் கொண்டு வருகிறோம்.