அண்ணன் தன் நோயைப் பத்திப் புத்தகம் போடணும்ங்கிறாரு, வீட்ல யாருக்கும் விருப்பமில்ல

கொழுந்துமலை (பொகவந்தலாவ):
எங்க அண்ணன் கீபோர்ட் வாசிப்பாரு, தப்பு மேளமும் அடிப்பாரு. மாசி மாசம் காமன் கூத்துன்னா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல இருந்து ஆள் அனுப்பிக் கூப்பிடுவாங்க. ரெண்டு வருஷத்துக்கு முந்தி எல்லாத்தையும் விட்டுட்டாரு. சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல, காம்பராவுல சுவரைப் பார்த்துப் படுத்தே கிடப்பாரு. அம்மா கோடாங்கி பார்த்தாங்க, தாயத்து கட்டினாங்க. ஒரு ராத்திரி உயிரை விடப் பார்த்தாரு. பக்கத்து வீட்டு மாமாதான் தோட்டத்து லொறியில ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாரு. மனச்சோர்வு நோய்னு சொல்லி மருந்து குடுத்தாங்க. இப்பவும் கிளினிக் போறாரு, மறுபடி வாசிக்கிறாரு.

அந்தக் காலத்தைப் பத்திப் பாட்டும் கதையுமா ஒரு சின்னப் புத்தகம் எழுதி முடிச்சிட்டாரு. திருவிழா மேடையில பேசி, பாடி வெளியிடணும்ங்கிறாரு. ஜேம்ஸ் ரோட்ஸ்னு ஒரு இங்கிலாந்துப் பியானோக்காரர் பேசினதை யூடியூப்ல பார்த்ததுல இருந்து இந்த எண்ணம். எனக்கு இப்ப மாப்பிள்ளை பார்க்கிறாங்க. அங்கொடையில மனநல ஆஸ்பத்திரி இருக்கிறதால, "அங்கொடைக்காரன் தங்கச்சி"ன்னு சொல்லிருவாங்கன்னு அப்பா அழுறாரு. எழுதினதை நான் படிச்சேன், அவ்வளவும் உண்மை. தடுக்க மனசு வரல. என்ன செய்யட்டும்?

ரெண்டு பிள்ளைகளோட அம்மா (மஸ்கெலியா):
உங்க அப்பா பயம் நியாயம்தான் மகள். லயத்துல ஒரு வீட்ல இருமினா அடுத்த வீட்டுக்குக் கேக்கும். உங்க கல்யாணம் முடியட்டும், பிறகு போடட்டுமே. புத்தகம் எங்கயும் ஓடிறாது.

ஓய்வுபெற்ற தாதி (பதுளை):
தங்கச்சி, நான் மனநல வார்டுல ரொம்பக் காலம் வேலை செஞ்சவ. ரோட்ஸ் கதையில உங்க அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பகுதி ஒண்ணு இருக்கு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியர் அவரைப் பாலியல் ரீதியாச் சீரழிச்சாரு. வளர்ந்த பிறகு பத்து வருஷம் பியானோவைத் தொடல, மனநல ஆஸ்பத்திரியிலயும் இருந்தாரு. கூட்டாளி ஒருத்தர் ஷாம்பூ போத்தலுக்குள்ள சின்ன ஐபொட்டை ஒளிச்சுக் கொண்டு போய்க் குடுத்தாரு. அதுல கேட்ட, பாக்ங்கிற ஜெர்மன் இசையமைப்பாளரோட இசைதான் தன்னை மீட்டுச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. இதையெல்லாம் புத்தகமா எழுதினப்ப, மகன் படிச்சா மனசு உடைஞ்சிரும்னு மகன் பேர்ல வழக்குப் போட்டாங்க. 2014ல மேன்முறையீட்டு நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2015 மே மாசம் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிருச்சு, தனக்கு நடந்ததைச் சொல்ல அவருக்கு உரிமை இருக்குன்னு. அப்புறம் ஸ்பெயின்ல போய்க் குடியிருந்து, பிள்ளைகளைப் பாதுகாக்கிற சட்டத்துக்காகப் பாடுபட்டாரு. 2021ல வந்த அந்தச் சட்டத்தை அங்க "ரோட்ஸ் சட்டம்"னே சொல்றாங்க.

வீட்டுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோங்கிற பயம் அங்கயும் இருந்துச்சு. அதை நான் லேசா எடுக்கல. ஆனா யாரும் வாய் திறக்காததால என்ன ஆகுதுன்னு வார்டுல கண்ணால பார்த்தவ நான். கிளினிக் போற அன்னைக்குப் பேர் விழாது, அன்னைக்குச் சம்பளம் இல்ல; வேலையை மேற்பார்க்கிற கங்காணிக்குக் காரணம் சொல்லணும். வயித்துவலின்னு பொய் சொல்லிட்டு வருவாங்க, இல்லாட்டி முத்தின பிறகுதான் வருவாங்க. பொலிஸ்ல கேஸ் போடுவாங்கன்னு பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவராத குடும்பங்களும் உண்டு. தற்கொலைக்கு முயற்சி செய்யிறது குற்றமில்லைன்னு நம்ம இலங்கையில 1998லயே சட்டம் மாறிருச்சு. இதைத் தோட்டத்துல யார் போய்ச் சொல்றது? உங்க அண்ணன் மாதிரி ஒருத்தர் சொன்னா நம்புவாங்க.

எழுத்துல ஒண்ணு மட்டும் கட்டாயம் திருத்தணும். எப்படிச் சாகப் பார்த்தாருங்கிறது ஒரு வரி கூட இருக்கக் கூடாது. அதே நிலையில இருக்கிற ஒருத்தர் கையில அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தா ஆபத்து. அதுக்குப் பதிலா மருந்தைப் பத்தி விரிவா எழுதச் சொல்லுங்க. மனசு தெளிய ரெண்டு மூணு வாரமாவது ஆகும். அதுக்குள்ள "வேலை செய்யல"ன்னு குப்பையில போடுறவங்கதான் அதிகம். சுகமான பிறகும் டொக்டரைக் கேக்காம நிறுத்தக் கூடாது. கோடாங்கி பார்த்த அம்மாவைக் குறைவா எழுத வேண்டாம், அவங்களுக்குத் தெரிஞ்ச வழியில பிள்ளையைக் காப்பாத்தப் பார்த்தாங்க. மேடை ஏறுறதுக்கு முந்தி டொக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லட்டும்.

கூத்து வாத்தியார் (தலவாக்கலை):
புத்தகம் வரட்டும், திருவிழா மேடை வேண்டாம். அன்னைக்குப் பாதிப் பேர் குடிச்சிருப்பாங்க, ஒலிபெருக்கியில ஒருத்தன் கத்துவான், அண்ணன் மனசு நொந்துரும். கூத்துப் பழகுற ராத்திரியில தப்பு காய்ச்ச நெருப்புப் போடுவோமே, அங்க இருவது முப்பது பேர்தான் இருப்போம். எல்லாரும் அவரைத் தெரிஞ்சவங்க. முதல்ல அங்க ஒரு பாட்டைப் பாடட்டும். எங்க செட்டுலயும் பேச்சே இல்லாமப் போன ஒரு பையன் இருக்கான். அவனைக் கூட்டிக்கிட்டு நான் வர்றேன்.

கொழுந்துமலை:
தாதி அக்கா எழுதினதை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் பேசல, திட்டவும் இல்ல. எப்படிச் சாகப் பார்த்தாருங்கிற பகுதியை நீக்க அண்ணன் சம்மதிச்சிட்டாரு. மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லிறலாம்னு இருக்கேன். மஸ்கெலியா அம்மா கோவிச்சுக்காதீங்க, பிறகு தெரிஞ்சு முகம் சுளிக்கிற வீட்டுக்கு நான் போக விரும்பல. வாத்தியார் ஐயா, பழகுற நாளைச் சொல்லுங்க, அண்ணனைக் கூட்டிக்கிட்டு வர்றேன்.

ஓய்வுபெற்ற தாதி:
சந்தோஷம் தங்கச்சி. கடைசிப் பக்கத்துல 1926ஐப் பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. தேசிய மனநல நிறுவனத்தோட நம்பர், ராத்திரி பகல் எந்நேரமும் எடுக்கலாம். அட்டைக்குப் பின்னாலயும் போட்டா இன்னும் நல்லது, புத்தகம் படிக்காதவங்க கண்ணுலயும் படும்.