ஹமார்ட்டியா: ‘குறை’ வேண்டாம், ‘பிழை’ போதும்

அனைவருக்கும் வணக்கம்.

‘ஹமார்ட்டியா’ என்பது துன்பியல் நாயகனை வீழ்த்துவது எது என்று சொல்ல அரிஸ்டாட்டில் ஆண்ட கிரேக்கச் சொல். அதற்குத் தமிழில் என்ன வைப்பது என்று கேட்கும் இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகள்: துன்பியல் குறை, குணக்குறை, ஊழ்வினை, தேராமை, பிழை. ‘ஹமார்ட்டியா’ என்றே எழுதிவிட்டுப் போகலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். என் ஓட்டு ‘பிழை’க்கு. கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாடகவியல் சொற்பட்டியலில் இந்த ஒரு சொல் சாய்ந்தால் பக்கத்தில் இருக்கும் சொற்களும் சேர்ந்து சாயும்.

அரிஸ்டாட்டில் இதை எங்கே வைத்தார் என்பதிலிருந்து தொடங்கலாம். ‘கவிதையியல்’ 13ஆம் அதிகாரத்தில், துன்பியல் நாடகத்துக்கு எப்படிப்பட்ட நாயகன் வேண்டும் என்று கேட்டு, வேண்டாதவர்களை ஒவ்வொருவராகக் கழிக்கிறார். அப்பழுக்கற்ற நல்லவன் செழிப்பிலிருந்து விழுந்தால் பார்ப்பவருக்கு மனம் கொதிக்குமே தவிர இரக்கமும் அச்சமும் வராது. கெட்டவன் உயர்ந்தால் அது துன்பியலே இல்லை. படுபாவி விழுந்தால் ‘நன்றாக வேண்டும்’ என்று தோன்றும், அவ்வளவுதான். மிஞ்சுகிறவன் இடைப்பட்டவன். அறத்தில் எல்லாரையும் விஞ்சியவன் அல்லன். ஆனால் கயமையாலும் தீய குணத்தாலும் வீழ்கிறவனும் அல்லன், ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால் வீழ்கிறவன். பெரும் புகழோடும் செல்வத்தோடும் இருந்தவன். எடுத்துக்காட்டாக அவர் சொல்லும் முதல் பெயர் ஈடிபஸ், கிரேக்க நாடகாசிரியர் சொஃபக்ளீஸின் நாயகனான தீப்ஸ் மன்னன்.

அந்த வாக்கியத்தின் கட்டுமானத்தைக் கவனியுங்கள். ‘தீய குணத்தால் அல்ல, ஹமார்ட்டியாவால்’ என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்துகிறார். ஹமார்ட்டியாவுக்கே ‘குணக்குறை’ என்று பெயர் வைத்தால், ‘குணத்தில் உள்ள கேட்டால் அல்ல, குணத்தில் உள்ள குறையால்’ என்றாகிவிடும். கேடு பெரியது, குறை சிறியது என்று வேண்டுமானால் சமாளிக்கலாம். ஆனால் அதே அதிகாரத்தில் சில வரிகள் தள்ளி ‘பெரிய ஹமார்ட்டியா’ என்று எழுதுகிறார். அளவைச் சொல்லித் தப்பிக்க வழியில்லை.

> ஈடிபஸின் முன்கோபம்தானே அவனுடைய ஹமார்ட்டியா? அதைக் குறை என்று சொன்னால் என்ன?

ஆங்கில இலக்கியம் நடத்தும் அக்கா கேட்டது. நியாயமான கேள்வி. அவன் முன்கோபி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குறி சொல்லும் தைரீசியஸைப் பார்வையற்றவன் என்று இகழ்கிறான், மைத்துனன் கிரியோனைச் சதிகாரன் என்கிறான், தன் பிறப்பின் உண்மை தெரிந்த கிழட்டு ஆட்டிடையனின் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டச் சொல்கிறான். ஆனால் அவனை வீழ்த்தியது எது என்று பார்க்க வேண்டுமானால் அந்த முச்சந்திக்குத்தான் போக வேண்டும்.

டெல்ஃபியிலிருந்தும் டௌலிஸிலிருந்தும் வரும் வழிகள் சேரும் இடம். ஈடிபஸ் தனியாக நடந்து வருகிறான். தந்தையைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்று டெல்ஃபி கோயிலில் குறி கேட்டுவிட்டு, தன் பெற்றோர் என்று நம்பும் பாலிபஸும் மெரோப்பியும் இருக்கும் கொரிந்துக்கு இனித் திரும்புவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறான். எதிரே ஒரு வண்டி. முன்னால் கட்டியக்காரன், வண்டியில் ஒரு முதியவர். வழியை விட்டு விலகு என்று அவனைத் தள்ளுகிறார்கள். தள்ளிய வண்டிக்காரனை ஈடிபஸ் கோபத்தில் அடிக்கிறான். அவன் வண்டியைத் தாண்டும் நேரம் பார்த்து, முதியவர் இரட்டை முள் வைத்த தார்க்கோலால் அவன் உச்சந்தலையில் ஓங்கிப் போடுகிறார். ஈடிபஸின் கைத்தடி ஒரே வீச்சில் அவரை வண்டியிலிருந்து உருட்டுகிறது. பிறகு எல்லாரையும் கொன்றுவிட்டேன் என்று மனைவி யொகாஸ்டாவிடம் அவனே சொல்கிறான். ஒருவன் தப்பியது கொன்ற அன்று அவனுக்குத் தெரியாது. அந்த முதியவர் தன்னைப் பெற்ற தந்தை லாயஸ் என்பதும் தெரியாது, பின்னால் தாய் என்று அறியாமலேயே அவர் மனைவி யொகாஸ்டாவை மணக்கிறான்.

கோபம் இருந்தது, சரி. வண்டியில் இருந்தவர் யாரோ ஒரு வழிப்போக்கர் என்றால்? அப்போதும் அதே கோபம், அதே அடி, அதே கொலை. ஆனால் தீப்ஸ் நகருக்குக் கொள்ளைநோய் வந்திருக்காது, யொகாஸ்டா தூக்கில் தொங்கியிருக்க மாட்டாள், அவளுடைய ஆடையின் பொன் ஊக்குகளை உருவி அவன் தன் கண்ணைக் குத்திக்கொண்டிருக்க மாட்டான். அவனை வீழ்த்தியது அடித்தவன் குணம் அல்ல, அடிபட்டவர் யார் என்று தெரியாமல் போனது. 14ஆம் அதிகாரத்தில் அரிஸ்டாட்டில் இதையேதான் சொல்கிறார்: அறியாமல் கொடுஞ்செயலைச் செய்துவிட்டு உறவைப் பின்னால் அறிவது, ஈடிபஸ் கதையில் அந்தச் செயல் நாடகம் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிட்டது என்று ஒரு குறிப்பும் வைக்கிறார்.

சட்டம் படித்தவர்களுக்குப் பிடித்த வேறொரு இடமும் உண்டு. நிக்கோமாக்கிய அறவியலின் ஐந்தாம் நூலில் ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்கை அவர் தரம் பிரிக்கிறார். எதிர்பார்க்கவே முடியாமல் நேர்ந்தால் அது விபத்து. எதிர்பார்த்திருக்கக் கூடியதுதான், ஆனால் உள்நோக்கம் இல்லை என்றால் அது ஹமார்ட்டேமா. நம் சொல்லின் உடன்பிறப்பு. தெரிந்தே செய்தால் அநீதி. தமிழில் விபத்து, பிழை, குற்றம் என்று மூன்றும் தானாக இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன. நடுவில் ‘குறை’யை வைத்துப் படித்துப் பாருங்கள், வாக்கியம் நொண்டும்.

சொஃபக்ளீஸின் பாத்திரங்களே இந்தச் சொல்லைப் பேசுகின்றன என்பது இந்த இழையில் இன்னும் யாரும் தொடாத சங்கதி. அவர் எழுதிய நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடகங்களில் 7தான் முழுதாகக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று ‘கொலோனஸில் ஈடிபஸ்’, அவர் இறந்தபின் கி.மு. 401இல் பேரன் மேடையேற்றியது. அதில் கிழவனாகிவிட்ட ஈடிபஸ் கிரியோனிடம் எகிறுகிறான்: எனக்கும் என்னைச் சேர்ந்தவர்களுக்கும் நான் இப்படிப் பிழை செய்ய நேர்ந்ததற்குக் காரணமாக, என்னிடத்தில் பழிக்கத்தக்க பிழை ஒன்றையும் நீ காட்ட முடியாது என்பது பேச்சின் சாரம். கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வேர், ஒருமுறை பெயராக, ஒருமுறை வினையாக. அவருடைய இன்னொரு நாடகமான ‘ஆண்டிகனி’யின் முடிவில் மகன் ஹீமனின் உடலைச் சுமந்து கிரியோன் வரும்போது, இது பிறரால் வந்த அழிவல்ல, தானே பிழைத்தான் என்கிறது பாடற்குழு. இங்கேயும் அதே வினை. ஆக நமக்கு வேண்டிய சொல்லுக்குப் பெயரும் வேண்டும், வினையும் வேண்டும். ‘குறை’யை வினையாக்கினால் அளவு குறைவது என்றாகிவிடும். ‘துன்பியல் குறை’யை வினையாக்கவே முடியாது.

‘ஊழ்வினை’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வேறு கருத்துக்கு உரிய நல்ல சொல், விதியைக் குறிக்கும் கிரேக்கர்களின் ‘மொய்ரா’வுக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். ஈடிபஸே இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறான்: இந்தத் துயரையெல்லாம் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் கண்ணைக் குத்திய கை என் கைதான் என்று. நமக்குப் பழகிய கருத்து என்பதற்காக அயல் சொல்லை அதற்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அரபு மொழியில் ஒரு வரலாறே இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் அபு பிஷ்ர் மத்தா கவிதையியலைச் சிரியாக் மொழி வழியாக அரபிக்குக் கொண்டுவந்தார். துன்பியல் நாடகம் அங்கே ‘புகழ்ப்பாட்டு’ ஆயிற்று, நகைச்சுவை நாடகம் ‘வசைப்பாட்டு’ ஆயிற்று. 12ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய இப்னு ருஷ்த் போன்ற பேரறிஞரும் அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டே நடந்தார். மேடை நாடகம் பழக்கத்தில் இல்லாத சூழல், கவிதையில் புகழும் வசையும் ஏற்கெனவே இருந்தன. வேறு எப்படி நடக்கும்!

‘தேராமை’, அதாவது ஆராயாமை, என்று எழுதிய தம்பிக்கு ஒரு சபாஷ். ‘தேரா மன்னா செப்புவது உடையேன்’ என்று கண்ணகி கேட்ட கேள்வியிலிருந்து எடுத்திருக்கிறார். பாண்டியனுக்கு அது கச்சிதம். பொற்கொல்லன் சொன்னான், ஒரு விசாரணையும் இல்லை, ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’ என்றாயிற்று. இயாகோவின் பேச்சையும் ஒரு கைக்குட்டையையும் நம்பிய ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவுக்கும் பொருந்தும். ஈடிபஸுக்குத்தான் பொருந்தவில்லை. அவன் தேர்ந்து தேர்ந்தே அழிந்தவன். யொகாஸ்டா போதும் விடு என்று கெஞ்சுகிறாள், ஆட்டிடையன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், இவன் விடுவதாயில்லை. அரிஸ்டாட்டில் முதல் எடுத்துக்காட்டாகச் சொன்னவனையே வெளியே தள்ளும் கலைச்சொல் நமக்கு உதவாது.

ஆனால் தம்பி சிலம்பை இன்னும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம். பதில் அதே காதையில் இருக்கிறது. கண்ணகியின் சிலம்பிலிருந்து மணி தெறித்ததும் பாண்டியன் சொல்வது:

யானோ அரசன் யானே கள்வன்
மன்பதை காக்கும் தென்புலங் காவல்
என்முதற் பிழைத்தது கெடுகவென் ஆயுள்

‘என்முதற் பிழைத்தது.’ உயர்ந்த நிலையில் இருந்தவன், தீயவன் அல்லன், ஒரு செயலில் தவறினான், உண்மை தெரிந்த அந்தக் கணமே வீழ்ந்தான். 13ஆம் அதிகாரத்தை வைத்துக்கொண்டு சோதித்தாலும் தேறிவிடுவான். அவன் வாயில் வரும் வினை ‘பிழைத்தது’. இளங்கோ அரிஸ்டாட்டிலைப் படித்தார் என்று கிளம்பிவிடாதீர்கள். அப்படியொரு கட்டுரையை இந்தக் குழுமம் தாங்காது.

சொல்லின் வேர்ப்பொருளும் ஒத்துப்போகிறது. ஹமார்ட்டியாவின் வினை, குறி தவறுவதைக் குறிப்பது. இலியட்டில் எறிந்த ஈட்டி ஆள்மேல் படாமல் போகும் இடங்களில் ஹோமர் இந்த வினையைத்தான் போடுகிறார். நம்மிடம் குறள் 772:

கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது

யானைமேல் எறிந்து குறி தப்பிய வேல். இங்கும் எறிபடைதான், இங்கும் குறி தப்புவதுதான். தேடினாலும் இதைவிட நெருக்கமான இணை கிடைக்காது.

இனி ஆட்சேபணைகள்.

> பிழை ரொம்பச் சாதாரணச் சொல். எழுத்துப்பிழை, கணினியில் பிழைச்செய்தி... கலைச்சொல்லுக்கு ஒரு தனித்தன்மை வேண்டாமா?

கிரேக்கத்தில் அதுவும் சாதாரணச் சொல்தான் ஐயா. அரிஸ்டாட்டில் புதிதாகச் செய்தது அல்ல. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இதே ஹமார்ட்டியாதான் ‘பாவம்’ என்ற பொருளில் வருகிறது. தமிழ் விவிலியத்திலும் ‘பாவம்’ என்றே பெயர்த்திருக்கிறார்கள், அந்த இடத்துக்கு அது சரி. ஈட்டி தவறுவதிலிருந்து பாவம் வரை அகலமான சொல்லை நாடகக் கலைக்கு மட்டும் ஏன் பட்டு வேட்டி கட்டி நிறுத்த வேண்டும்? தனித்துத் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் ‘பெரும்பிழை’ என்று போடலாம். அரிஸ்டாட்டிலே ‘பெரிய’ என்று அடைமொழி சேர்த்திருப்பதால் அது நம் இடைச்செருகல் ஆகாது.

பிழைப்பது என்றால் உயிர் தப்புவதும்தானே, மாணவர் குழம்ப மாட்டாரா என்று ஒரு கேள்வி வந்தது. பெயர்ச்சொல் ‘பிழை’யில் அந்தக் குழப்பம் கிடையாது, உயிர் தப்புவதும் வயிற்றுப்பாடும் ‘பிழைப்பு’. வினையில் மட்டும் ‘பிழை செய்தான்’ என்று விரித்து எழுதிவிட்டால் போதும்.

ஷேக்ஸ்பியரை என்ன செய்வது? இங்கே அக்காவுடன் பாதி வழி வருகிறேன். நம் கல்லூரிகளில் துன்பியல் என்றாலே முதலில் மெக்பெத்தும் ஹாம்லெட்டும்தான் வருகிறார்கள். குணமே விதி என்று அந்த நாயகர்களைப் படிக்கும் முறை, 1904இல் வெளிவந்த ஆங்கிலத் திறனாய்வாளர் ஏ. சி. பிராட்லியின் சொற்பொழிவுகளுக்குப் பிறகு வகுப்பறையில் வேர்விட்டுவிட்டது. ஹாம்லெட்டே முதல் அங்கத்தில், பிறவியிலேயே ஒட்டிய ஒரே ஒரு மாசு ஒருவனுடைய எல்லா நற்பண்பையும் கெடுத்துவிடும் என்று பேசுகிறான். (அந்த வரிகள் 1623ஆம் ஆண்டுப் பெருந்தொகுப்பில் இல்லை, அதற்கு முந்தைய ‘குவார்ட்டோ’ என்ற சிறு அளவுப் பதிப்பில் இருக்கின்றன என்பது வேறு கதை.) மெக்பெத்தின் பதவி ஆசையைப் பிழை என்றால் ஒட்டாது, தெரிந்தேதான் கொல்கிறான். அதனால் அந்தத் திறனாய்வு மரபுக்கு ‘குணக்குறை’யைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒரே பதிவில் சாய்கோடு போட்டு அடைக்க மட்டும் வேண்டாம்.

ஒலிபெயர்ப்பு பற்றி: வரலாற்றுக் குறிப்பில் ஒருமுறை ‘ஹமார்ட்டியா’ வரட்டும், அதற்கு மேல் தேவையில்லை. ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றிய பம்மல் சம்பந்த முதலியார் காலத்துத் துணிச்சல் நமக்கு இல்லாவிட்டாலும், கையிலிருக்கும் நல்ல சொல்லை எடுத்து வைக்கும் அளவுக்காவது இருக்கலாம்.

பட்டியலுக்கு என் வரைவு இது:

பிழை: துன்பியல் நாடகத்தில், உயர்நிலையில் உள்ள நாயகன் தீய நோக்கமின்றி, பெரும்பாலும் உண்மை அறியாமல் செய்து, அதனாலேயே வீழும் செயல். அரிஸ்டாட்டிலின் ஹமார்ட்டியா. ‘பெரும்பிழை’ என்றும் எழுதலாம். ஒப்பிடுக: குணக்குறை.

‘பெரும்பாலும்’ என்ற சொல்லை ‘ஆண்டிகனி’யின் கிரியோனுக்காகப் போட்டேன். அவனிடம் தைரீசியஸ் முன்கூட்டியே எச்சரித்துவிட்டான், அறியாமல் செய்தான் என்று முழுசாகச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை.

இது முடிந்ததும் பெரிபெட்டெயா, அனக்னோரிசிஸ் இரண்டையும் எடுக்க வேண்டும். முதலாவதற்கு ‘தலைகீழ் திருப்பம்’, இரண்டாவதற்கு ‘கண்டுணர்வு’ என்று என் கையில் இருக்கிறது. பாலிபஸ் இறந்துவிட்டார் என்று நல்ல சேதி சொல்ல வந்த கொரிந்துத் தூதன், ஈடிபஸின் அச்சத்தைப் போக்குவதாக நினைத்து நீ அவர் மகனே அல்ல என்று வாயை விடும் காட்சியை வைத்து முதலாவதைச் சோதித்துப் பார்க்கலாம். அரிஸ்டாட்டிலும் அதைத்தான் எடுத்துக்காட்டுகிறார். மாற்று இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், இதிலேயே போட்டால் பிறகு தேடி எடுக்க முடிவதில்லை.