குதிரை லாயத்தில் எழும்ப முடியாமல் மாட்டிக்கொள்கிறது, உதவுங்கள்

வணக்கம். நுவரெலியாவில் சவாரிக்கு விடும் குதிரை ஒன்று வைத்திருக்கிறோம். இந்த மாதம் இரண்டாவது தடவையாக, ராத்திரி புரண்டு கால்கள் சுவரில் முட்டி, எழும்ப முடியாமல் கிடந்தது. விடியும்போதுதான் பார்த்தோம். உடம்பெல்லாம் வியர்வை. உதை படாமல் முதுகுப் பக்கம் நின்று, நாலு பேர் கயிறு போட்டு இழுத்துப் புரட்டினோம். நீண்ட நேரம் அப்படியே கிடந்தால் அதன் எடையே தசையையும் நரம்பையும் நசுக்கிவிடும். அந்தப் பயத்தில் எனக்குத் தூக்கமே இல்லை.

லாயம் 10க்கு 10 அடிதான். பெரிதாக்க இப்போது வழியில்லை. சுவரோரம் மரத்தூளை வரப்பு மாதிரி உயர்த்திப் போட்டோம். காலையில் கலைந்து கிடக்கிறது, இந்தக் குளிரில் ஈரமும் பிடிக்கிறது. வைக்கோல் போட்டால் நிற்குமா?

அப்புறம், குளம்பை ஊன்றி உந்துவதற்குச் சுவரில் மூன்றடி உயரத்தில் பலகை அடித்தவர்கள் இருந்தால், என்ன தடிப்பில் அடித்தீர்கள், விளிம்பு காலைக் கிழிக்காதா என்று சொல்லுங்கள் அண்ணன்மாரே.